தோட்ட மண்ணில் ஈயம்: மாதிரி எடுப்பது முதல் ரத்தப் பரிசோதனை வரை, சென்னைவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரி புராஜெக்ட் மாணவர்கள், மாடித்தோட்டக்காரர்கள், பள்ளி மைதானத்தை நினைத்துக் கவலைப்படும் பெற்றோர், குடியிருப்போர் சங்கத்தார் என்று பலருடன் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஆய்வகத்தில் நடக்கும் தவறு குறைவு. மண்ணைத் தோண்டும்போதும் காயவைக்கும்போதும் சலிக்கும்போதும்தான் காரியம் கெடுகிறது. கோடி ரூபாய் இயந்திரமானாலும் நீங்கள் கொடுத்த பொட்டலத்தில் இருப்பதைத்தான் அளக்கும்.

இங்கே ஈயத்தை முன்வைத்து எழுதுகிறேன். காட்மியம், ஆர்சனிக், குரோமியத்துக்கும் பெரும்பாலும் இதே வரிசைதான். மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முக்கியமாக 3, 4 இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு நேராக மண்வெட்டியைத் தூக்காதீர்கள்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"எங்க மண்ணுல விஷம் இருக்கா சார்?" என்று கேட்டால் எந்த ஆய்வகத்தாலும் பதில் சொல்ல முடியாது. எந்த உலோகம், எந்த இடம், யாருக்கு, எந்த வழியாக என்று தெரிய வேண்டும். முன்வாசல் மண்ணில் விளையாடும் நாலு வயதுக் குழந்தையின் கை வழியாக வாய்க்குள் ஈயம் போகுமா என்பது ஒரு கேள்வி. பின்பக்கக் கீரைப் பாத்தி சாப்பிடத் தகுந்ததா என்பது வேறு கேள்வி.

எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பதைக் கேள்விதான் முடிவு செய்கிறது. விளையாடும் இடமென்றால் மேலே 2.5 செ.மீ., அதாவது ஓர் அங்குலம் போதும். காய்கறி, கீரை என்றால் வேர் பரவும் 15 செ.மீ. வரை எடுக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஈயம் களிமண்ணோடும் மக்கோடும் ஒட்டிக்கொண்டு மேலடுக்கிலேயே தங்கிவிடும், எளிதில் கீழே இறங்காது. மேல் 2.5 செ.மீ.யில் கிலோவுக்கு 600 மி.கி. ஈயமும், அதற்குக் கீழே வெறும் 30 மி.கி.யும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து செ.மீ. ஆழத்துக்கு ஒரே குழியாக எடுத்துக் கலந்தால் விடை 125 வரும். தாளில் அது பயமுறுத்தாத எண். குழந்தையின் கை தொடுவதோ 600-ஐ.

2. இடத்தின் பூர்வீகத்தை விசாரியுங்கள்

வாட்ச்மேன், தெருமுனை டீக்கடைக்காரர், முப்பது வருஷமாக அங்கேயே இருக்கும் பாட்டி என்று யாராவது சொல்வார்கள்: முன்னே இங்கே பேட்டரிக் கடை இருந்தது, ஈய எழுத்து கோக்கும் அச்சகம் இருந்தது, வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட் இருந்தது. எந்த உலோகத்தைத் தேடுவது என்பதை இந்தப் பேச்சுதான் காட்டும். பத்து உலோகத்துக்கும் பணம் கட்டிவிட்டுத் தேவையான பதினோராவதை விட்டவர்கள் உண்டு.

சென்னையில் கூடுதலாக ஒன்றைக் கேட்டாக வேண்டும்: மண் எங்கிருந்து வந்தது? வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தாழ்வான மனைகளை சவுடு மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டித்தான் உயர்த்தியிருப்பார்கள். நீங்கள் சோதிப்பது அந்த ஊர் மண்ணாகவே இல்லாமல் போகலாம். மாடித்தோட்டம் என்றால் செம்மண் எங்கே வாங்கினீர்கள், உரம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். நகரக் குப்பையிலிருந்து செய்யும் கம்போஸ்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் ஈய வரம்பு கிலோவுக்கு 100 மி.கி. பழைய வீட்டின் இடிபாட்டு மண்ணைத் தொட்டியில் போட்டால் அதற்கு எந்த வரம்பும் கிடையாது.

வீட்டுக்கு எப்போது பெயிண்ட் அடித்தார்கள் என்பதும் தேவை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கேட்டிலும் ஜன்னல் கிரில்லிலும் அடித்த மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை இனாமலைச் சந்தேகப்பட வேண்டும். பெரிய சாலையை ஒட்டிய மனையா என்றும் பாருங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தில் நாடு முழுக்க நின்றுவிட்டாலும், அது விட்டுப்போன ஈயம் மண்ணை விட்டுப் போகவில்லை.

குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் தோல் பதனிடும் தொழில் இருந்ததால் அங்கே குரோமியத்தைச் சேர்க்கலாம். ஆனால் மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இரண்டும் தனித்தனிச் சோதனைகள். புற்றுநோய்க் கவலை இரண்டாவதைப் பற்றியது. மொத்தத்தை மட்டும் அளந்துவிட்டுப் பயப்படுவதும் பயனில்லை, நிம்மதி அடைவதும் பயனில்லை. எண்ணூர், மணலி பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்த மண் என்றால் அது வேறு வேலை. எண்ணெய்க்கு பாலிதீன் பை ஆகாது. டெஃப்லான் மூடி போட்ட கண்ணாடி பாட்டிலும் ஐஸ் பெட்டியும் வேண்டும்.

3. அனுமதி வேலைகளை முதலில் முடியுங்கள்

இடம் உங்களுடையது இல்லையென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் முடிவுகளை யாரிடம், எப்படிச் சொல்வீர்கள் என்றும் சேர்த்துப் பேசிவிடுங்கள். எண் வந்த பிறகு இந்தப் பேச்சை ஆரம்பித்தால் கதவு மூடிக்கொள்ளும்.

ஆய்வுக்காகக் குழந்தைகளின் ரத்தமும் எடுக்கப்போகிறீர்கள் என்றால், நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு துளிகூட எடுக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் சம்மதமும் வேண்டும். ஒப்புதல் படிவம் வீட்டில் பேசும் தமிழில் இருக்கட்டும். வேலையை முடித்துவிட்டு அனுமதியைப் பின்தேதியிட்டு வாங்கலாம் என்ற எண்ணம் மாணவர்களிடம் அடிக்கடி தலைகாட்டுகிறது. குழு தராது, ஆய்விதழ்களும் ஏற்காது.

ஒரு குழந்தைக்கு அளவு அதிகமாக வந்தால் எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள் என்பதையும் அந்த விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

இந்தப் படி முன்னால் வருவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ரத்தத்தில் ஈயத்தின் அரைவாழ்வு, அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய ஒரு மாதம். மண்ணை மார்ச்சில் எடுத்துவிட்டு, அனுமதி தாமதமாகி ரத்தத்தை நவம்பர் மழையில் எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது. மழைக்காலத்தில் புழுதியும் அடங்கியிருக்கும், குழந்தையும் வீட்டுக்குள் இருக்கும். ஒரே பருவத்துக்குள் இரண்டும் முடிய வேண்டும்.

4. தோண்டுவதற்கு முன்பே ஆய்வகத்தோடு பேசுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு மண்ணைக் கொண்டுபோய், தழை, மணி, சாம்பல் சத்து அட்டையை வாங்கிக்கொண்டு "எல்லாம் நார்மல்" என்று திரும்புகிறார்கள். அந்தச் சோதனையில் ஈயம் கிடையாது. அங்கே பார்க்கும் துத்தநாகம், தாமிரம்கூட டிடிபிஏ என்ற கரைசலில் கரைந்து வரும் சிறு பங்கு மட்டுமே. பயிருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதற்கான அளவு அது.

உங்களுக்கு வேண்டியது மண்ணில் கன உலோகங்களைப் பார்க்கும் ஆய்வகம். ஆய்வகங்களைச் சரிபார்க்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அங்கீகாரப் பட்டியலில் "மண்" என்ற பொருளின் கீழ் "ஈயம்" இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் ஈயம் பார்க்க மட்டும் அங்கீகாரம் வைத்திருப்பவர்களும் மண்ணை வாங்கிக்கொள்வார்கள்.

போனிலேயே கேட்க வேண்டியவை: எந்த முறையில் செரிப்பீர்கள் (மண்ணை அமிலத்தில் சூடாக்கி உலோகத்தைக் கரைத்தெடுப்பது), எந்தக் கருவி, குறைந்தபட்சம் எந்த அளவு வரை நம்பிச் சொல்ல முடியும், எவ்வளவு மண் வேண்டும், சலித்துக் கொடுக்கலாமா, முடிவு உலர் எடைக்கா ஈர எடைக்கா. டிசிஎல்பி என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது தொழிற்சாலைக் கழிவு அபாயகரமானதா என்று வகைப்படுத்த லேசான அமிலத்தில் கசியவிட்டுப் பார்க்கும் சோதனை. அதன் விடை லிட்டருக்கு இவ்வளவு என்று வரும். உங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

ஆன்லைனில் கிடைக்கும், ஈயம் பட்டால் சிவக்கும் குச்சிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை பெயிண்டின் மேல் தேய்த்துப் பார்ப்பதற்கானவை. மண்ணில் தேய்த்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

5. கையில் இருக்க வேண்டியவை

துருப்பிடிக்காத எஃகில் செய்த, பெயிண்ட் அடிக்காத தோட்டக் கரண்டி. பிளாஸ்டிக் பக்கெட். ஜிப் வைத்த தடித்த பாலிதீன் பைகள், அழியாத மார்க்கர், ஸ்கேல், நைட்ரைல் கையுறை, என்95 முகக்கவசம், காய்ச்சி வடித்த தண்ணீர், டிஷ்யூ, நோட்டு, பென்சில். பேனா மை ஈரத்தில் கரையும்.

கால்வனைஸ் செய்த பக்கெட்டில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது, அதோடு கொஞ்சம் ஈயமும் காட்மியமும் வரலாம். பச்சைப் பெயிண்ட் அடித்த மலிவான கரண்டி பெயிண்டையே மண்ணில் உதிர்க்கும். தேடிப் போனதை நாமே கொண்டுபோய்ப் போட்ட கதையாகிவிடும்.

6. நிலத்தை மண்டலமாகப் பிரியுங்கள்

காகிதத்தில் மனையை வரையுங்கள். சுவர் ஓரம், கேட் அடி, சாலை ஓரம், விளையாடும் இடம், பாத்தி என்று பிரியுங்கள். மழைநீர் சன்ஷேடிலிருந்து சொட்டும் கோடு தனி மண்டலம். சுவரிலும் கிரில்லிலும் உதிர்ந்த பெயிண்ட் எல்லாம் அந்தக் கோட்டில்தான் வந்து சேரும்.

ஒரு மண்டலத்தை இன்னொன்றோடு கலக்காதீர்கள். மண்டலத்துக்குள் பத்துப் பதினைந்து இடத்தில் வளைந்து வளைந்து நடந்து எடுத்துக் கலப்பது சரி. ஆனால் கலவை ஈயம் குவிந்த ஒரு புள்ளியை மறைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பத்தில் ஒன்று 2000, மற்ற ஒன்பதும் 40 என்றால் கலவை 236 என்றுதான் காட்டும். சந்தேகமான மூலையைக் கலவையில் சேர்க்காமல் தனிப் பையில் போடுங்கள்.

ஒப்பிட ஒரு பின்னணி மாதிரியும் வேண்டும். அதே வகை மண்ணாக, சாலைக்கும் கட்டடத்துக்கும் தள்ளி இருக்க வேண்டும். திருவான்மியூர் மணலுக்குக் கிண்டிப் பக்கத்துப் பாறைச் செம்மண்ணைப் பின்னணியாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். மண்வகை மாறினால் இயல்பான அளவே மாறும்.

7. மாதிரி எடுப்பது

பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையில் மேல்மண் அரித்துப்போகும், வேறெங்கிருந்தோ வண்டல் வந்து படியும், சேறு கரண்டியில் ஒட்டி ஆழக் கணக்கே தப்பும். வெள்ளம் புகுந்த மனை என்றால் அதைக் குறித்துவிட்டு, புதிதாகப் படிந்த அடுக்கைத் தனியாக எடுங்கள்.

சுத்தமாக இருக்கும் என்று நினைக்கும் மண்டலத்தில் தொடங்கி, அழுக்கானதில் முடியுங்கள். கரண்டியில் ஒட்டியது எப்படியும் அடுத்த பைக்குள் கொஞ்சம் போகும். அது சுத்தத்திலிருந்து அழுக்குக்குப் போனால் சேதம் இல்லை. ஒவ்வொரு மண்டலத்துக்கும் இடையில் தேய்த்துக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

கேட் அடியில் குனிந்து பாருங்கள். மண்ணோடு மண்ணாக நகக்கண் அளவில் சில்லுகள் கிடக்கும். ஒரு பக்கம் துரு, மறுபக்கம் பளபளப்பான பச்சை, அதன் அடியில் பழைய மஞ்சள் என்று அடுக்கடுக்காக இருக்கும். மாணவர்கள் முதலில் செய்வது அவற்றைக் "குப்பை" என்று பொறுக்கி எறிவதுதான். இலை, கல், பாட்டில் மூடியை நீக்குங்கள். பெயிண்ட் சில்லை நீக்காதீர்கள். குழந்தையின் விரலில் ஒட்டுவது அதுவும் சேர்ந்ததுதான். நோட்டில் "சில்லுகள் உண்டு" என்று எழுதிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சில்லு ஒரு பையின் எண்ணைத் தூக்கிவிடும் என்பதால், பிறகு எண்ணைப் புரிந்துகொள்ள இந்தக் குறிப்பு வேண்டும்.

ஸ்கேலை மண்ணில் குத்தி 2.5 செ.மீ.க்குக் கோடு போட்டுக்கொண்டு, எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு எடுங்கள். ஓரிடத்தில் ஒரு கை, இன்னோரிடத்தில் ஒரு சிட்டிகை என்று எடுத்தால் கலவை எதையும் பிரதிபலிக்காது. பக்கெட்டில் நன்றாகக் கலக்கி, பிளாஸ்டிக் விரிப்பில் குவித்து நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுங்கள். அரைக் கிலோ ஆகும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். மேலே இருந்து ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டால் பருமணல்தான் வரும், பொடி அடியில் தங்கிவிடும். ஈயம் பொடியில்தான் அதிகம்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் பொடி மிகக் குறைவு. அங்கே ஒரு கிலோவுக்கு மேல் எடுங்கள், இல்லாவிட்டால் சலித்த பிறகு ஆய்வகத்துக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

பத்துக்கு ஒரு மண்டலத்தில், முதலிலிருந்து மறுபடி நடந்து இன்னொரு பை எடுங்கள். இந்த இரட்டை மாதிரியை ஆய்வகத்துக்குச் சொல்லாமல் வேறு எண் கொடுத்து அனுப்புங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால்தான் உங்கள் மாதிரி எடுப்பை நம்பலாம். பையின் மேல் எண், தேதி, ஆழம். அதே விவரத்தைச் சீட்டில் எழுதி, இரண்டாவது பைக்குள் வையுங்கள். மண்ணோடு காகிதத்தைப் போட்டால் ஊறிக் கூழாகிவிடும்.

8. காயவைத்துச் சலிப்பது

நிழலில், காற்றோட்டமான அறையில், பிளாஸ்டிக் தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள். மொட்டைமாடி வேண்டாம். பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கும் தூசு எல்லாம் உங்கள் தட்டில் இறங்கும். சென்னை ஈரப்பதத்துக்கு நாலைந்து நாள் ஆகும், அவசரப்பட்டு ஓவனில் வைக்காதீர்கள். பாதரசமும் கேட்டிருந்தால் 40 டிகிரிக்கு மேல் போகவே கூடாது, அது ஆவியாகிவிடும்.

களிமண்ணுக்கு ஒரு தனிக் கவனம். முழுக்கக் காய்ந்தால் கல்லாகிவிடும். அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே கையுறையோடு உதிர்த்துவிடுங்கள்.

பிறகு மரக்கட்டையாலோ பீங்கான் உரலிலோ கட்டிகளை மட்டும் உடைத்து, 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். குழந்தை விழுங்கும் மண்ணைப் பற்றிய கேள்வி என்றால் அதிலிருந்து 150 மைக்ரான் (0.15 மி.மீ.) சல்லடையில் இன்னொரு முறை. விரல் ரேகையில் ஒட்டுவது அந்த நைசான பொடிதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் (இபிஏ) 2016 முதல் இந்த அளவைத்தான் பரிந்துரைக்கிறது.

இங்கே நடக்கும் பெரிய பிழை, 150 மைக்ரானில் இறங்காததை உரலில் போட்டு அரைத்து இறக்குவது. மணலை அரைத்து மாவாக்கினால் சல்லடை போட்டதற்கே அர்த்தம் இல்லை. சுத்தமான மணல் மாவு பொடியோடு சேர்ந்து ஈயத்தின் அளவைக் குறைத்துக் காட்டும். இறங்காததை எடை போட்டுக் குறித்துவிட்டு ஒதுக்குங்கள்.

பித்தளைச் சல்லடையும் வேண்டாம். தாமிரம், துத்தநாகத்தோடு பித்தளையில் ஈயமும் இருப்பது வழக்கம். எஃகு அல்லது நைலான் வலை போதும். வீட்டு மாவுச் சல்லடையை எடுத்தால், அது மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. சலிக்கும்போது முகக்கவசம் கட்டாயம், குழந்தைகள் அறையில் இருக்கக் கூடாது.

9. ஆய்வகத்தில் என்ன நடக்கிறது, எதைக் கேட்டு வாங்குவது

வழக்கமான முறையில் (இபிஏ 3050பி) அரை முதல் ஒரு கிராம் மண்ணை நைட்ரிக் அமிலத்திலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் 95 டிகிரி அளவில் சூடாக்குவார்கள். மைக்ரோவேவில் செய்வது 3051ஏ. இரண்டிலும் மணலின் சிலிகேட் படிகம் கரைவதில்லை, அதற்குள் பூட்டியிருக்கும் உலோகமும் வெளியே வராது. ஈயத்துக்கு இது பெரிய குறை இல்லை. ஆனால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் போட்டு முழுக்கக் கரைத்த இன்னோர் ஆய்வின் குரோமிய எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட முடியாது. அறிக்கையில் முறையின் பெயர் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஈயத்துக்குச் சாதாரண ஏஏஎஸ் கருவியே (அணுக்கள் ஒளியை உறிஞ்சுவதை வைத்து அளப்பது) பெரும்பாலும் போதும். காட்மியம், ஆர்சனிக் போன்றவை குறைந்த அளவில் இருப்பதால் ஐசிபி-எம்எஸ் (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) நல்லது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. மண்ணில் உப்பு இருந்தாலோ ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தாலோ, குளோரினும் கருவியின் ஆர்கான் வாயுவும் சேர்ந்து 75 என்ற நிறையில் நிற்கும். ஆர்சனிக்கின் நிறையும் 75. கடலோர மண்ணில் இல்லாத ஆர்சனிக் இருப்பதாகத் தெரியும். ஹீலியம் செல் (அந்தப் போலியை வடிகட்டும் வாயு அறை) போட்டு அளந்தீர்களா என்று கேளுங்கள்.

கையில் பிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி (எக்ஸ்-கதிர் பாய்ச்சி உலோகத்தை அளப்பது) கிடைத்தால் முதல் வடிகட்டலுக்கு அருமையானது. நாள் முழுக்க அளந்துகொண்டே போகலாம். ஆனால் ஈர மண்ணில் குறைத்துக் காட்டும். ஈயத்தின் 10.55 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ்-கதிர்க் கோடும் ஆர்சனிக்கின் 10.54 கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், ஈயம் அதிகமுள்ள மண்ணில் அது சொல்லும் ஆர்சனிக்கை நம்ப வேண்டாம்.

அறிக்கையோடு தரச்சோதனை எண்களையும் கேளுங்கள்: வெற்று மாதிரியில் (மண் போடாமல் அமிலத்தை மட்டும் அளந்தது) எவ்வளவு, உலோக அளவு சான்றளிக்கப்பட்ட மண்ணில் அந்த அளவில் எத்தனை சதவீதம் மீட்டார்கள், ஒரே பொடியை இரு முறை அளந்ததில் வித்தியாசம் எவ்வளவு. மீட்பு 80-க்கும் 120-க்கும் இடையே இருந்தால் பொதுவாக ஏற்கலாம். தர மறுத்தால் வேறு ஆய்வகம் பாருங்கள்.

10. எண்ணைப் படிப்பது

முதலில் அலகு. அரை கிராம் மண்ணைச் செரித்து 50 மி.லி. ஆக்கி, கருவி லிட்டருக்கு 2 மி.கி. காட்டினால் மண்ணில் இருப்பது கிலோவுக்கு 200 மி.கி. கரைசலின் 2-ஐ அப்படியே "2 பிபிஎம்" என்று எழுதிச் சமர்ப்பித்த புராஜெக்டுகளை நான் பார்த்திருக்கிறேன். நூறு மடங்கு வித்தியாசம்.

மாசுபடாத மண்ணில் ஈயம் பொதுவாகக் கிலோவுக்கு 10 முதல் 50 மி.கி. இருக்கும். குடியிருப்பு மண்ணுக்குக் கனடாவின் வழிகாட்டு அளவு 140. அமெரிக்க முகமை நீண்ட காலம் 400 வைத்திருந்து, 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்தது. பழைய கட்டுரைகளில் 400 என்று பார்த்து "எங்களுக்கு 310-தான்" என்று நிம்மதி அடைய வேண்டாம். மாசுபட்ட இடங்களுக்கான மத்திய அரசின் 2025 விதிகள், அத்தகைய இடங்களைக் கண்டறிந்து சீர்செய்யும் சட்ட நடைமுறைக்கானவை. வீட்டுத் தோட்டத்துக்கு அதில் நேரடியாக விடை தேடாதீர்கள்.

என் கணக்கு எளிது. பின்னணி அளவைவிட இரண்டு மூன்று மடங்கு என்றால் காரணம் தேடுவேன். குழந்தை விளையாடும் இடத்தில் 140 தாண்டினால் மூடச் சொல்வேன். 200 தாண்டினால் அந்த வீட்டுக் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வேன்.

இன்னொன்று: மண்டலங்களின் எண்களைக் கூட்டிச் சராசரி போடாதீர்கள். குழந்தை சராசரியில் விளையாடுவதில்லை, கேட் அடியில் விளையாடுகிறது.

11. ரத்தப் பரிசோதனை

மண்ணில் அதிகம் என்பதால் உடம்பில் அதிகம் என்று ஆகாது. மண்ணில் குறைவு என்பதால் உடம்பில் இல்லை என்றும் ஆகாது. ரத்தம் எல்லா வழிகளையும் சேர்த்துக் காட்டும். சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளிடம் செய்து 2009-ல் வெளியான ஆய்வில் சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் இருந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் 5-லேயே காரணத்தைத் தேடி நீக்கச் சொல்கிறது, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) வைத்திருக்கும் குறிப்பு அளவு 3.5.

நரம்பில் எடுக்கும் முழு ரத்தம்தான் வேண்டும். ஈயத்தில் ஏறக்குறைய 99 சதவீதம் சிவப்பணுக்களில் இருக்கிறது. சீரம் பிரித்து அனுப்பினால் ஈயத்தையே விட்டுவிட்டு அனுப்புவதாகும். உலோகக் கலப்பில்லை என்று சான்றளித்த கருநீல மூடிக் குழாயையோ, ஆய்வகம் சரிபார்த்த ஊதா மூடி இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுப்பது) குழாயையோ பயன்படுத்தச் சொல்லுங்கள். எடுத்த உடனே எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். உறைந்த ரத்தத்தை ஆய்வகம் திருப்பி அனுப்பும், குழந்தைக்கு மறுபடி ஊசி.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் முறை முதல் வடிகட்டலுக்குப் பரவாயில்லை. ஆனால் மண்ணில் விளையாடிய விரலில் ஒட்டியிருக்கும் ஈயம் ரத்தத்தோடு சேரும். சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவினால்தான் அது போகும். ஸ்பிரிட் பஞ்சு மட்டும் ஈயத்தை எடுக்காது. அதிகமாக வந்தால் நரம்பு ரத்தத்தில் உறுதிசெய்த பிறகே பெற்றோரிடம் எண்ணைச் சொல்லுங்கள்.

கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்த குடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும்.

பெற்றோரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மண்ணைவிட முக்கியமாகிவிடுவதும் உண்டு. அப்பா பேட்டரி, ரேடியேட்டர், பெயிண்ட் வேலைக்குப் போகிறாரா, வேலைச் சட்டையோடு குழந்தையைத் தூக்குகிறாரா? வீட்டிலேயே நகைப் பட்டறை உண்டா? கண் மை, சுர்மா எங்கே வாங்கியது? பற்பம், செந்தூரம் ஏதாவது கொடுக்கிறார்களா? மஞ்சள்தூள் உதிரியாக வாங்கியதா? லெட் குரோமேட் என்ற ஈய நிறமி சேர்த்து மஞ்சளுக்கு நிறம் ஏற்றுவது தெரிந்த கலப்படம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் வெள்ளீயம்தான் இருக்க வேண்டும். காரீயம் கலந்த மலிவுச் சொம்பு என்றால் புளி அதைக் கரைத்து ரசத்தில் இறக்கும். எக்ஸ்ஆர்எஃப் கருவி வந்த அன்றைக்கே சொம்பையும் மஞ்சள் டப்பாவையும் கேட்டையும் அதில் அளந்து பார்த்துவிடுங்கள்.

எண் அதிகம் என்றதும் "உடம்பைச் சுத்தம் செய்யும்" மருந்தைத் தேடி ஓடுவார்கள், தடுத்து நிறுத்துங்கள். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் சிகிச்சை குழந்தைகளுக்கு 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் போனால் மருத்துவமனையில், மருத்துவர் பார்வையில் தருவது. அதற்குக் கீழே ஈயம் வரும் வழியை அடைப்பதும், இரும்பும் கால்சியமும் போதிய அளவு கிடைக்கச் செய்வதும், சில வாரம் கழித்து மறுபடி அளப்பதும்தான் வேலை. முடியை வைத்துச் செய்யும் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

12. முடிவு வந்த பிறகு

மண்ணை வெட்டி எடுத்துத் தெருமுனையில் கொட்டுவது தீர்வாகாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகும். விளையாடும் இடத்தைச் சோதித்த நல்ல மண்ணாலோ புல்லாலோ கல்லாலோ மூடுங்கள். உதிரும் பெயிண்டை உலர்ந்த நிலையில் சுரண்டாமல், ஈரப்படுத்தி எடுத்து, சில்லுகளைப் பையில் கட்டுங்கள். வாசலில் துடைப்பத்தைவிட ஈரத் துணி நல்லது. செருப்பை வெளியே விடும் நம் வழக்கம் இங்கே கைகொடுக்கும்.

பாத்தியில் முள்ளங்கி, கீரையை நிறுத்திவிட்டு வெண்டை, கத்தரி, தக்காளி போடுங்கள். வேரிலும் இலையிலும் சேரும் அளவு காயில் சேர்வதில்லை. கீரையில் பெரும்பகுதி மழைத்துளி தெறித்து ஒட்டிய மண்தான், தண்ணீரை மாற்றி மாற்றி அலசினால் நிறையக் குறையும். அளவு மிக அதிகம் என்றால் அடியில் விரிப்புப் போட்டு, மேலே புது மண்ணில் உயர்பாத்தி கட்டுங்கள். எலும்புத்தூள் போன்ற பாஸ்பேட் உரம் ஈயத்தைக் கட்டிப்போடும் என்று படித்துவிட்டு உடனே கொட்டாதீர்கள். அதே மண்ணில் ஆர்சனிக்கும் இருந்தால் பாஸ்பேட் அதை அவிழ்த்துவிடும். சுண்ணாம்பும் அப்படித்தான், மண்ணின் பிஎச் (அமில, காரத் தன்மை) பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

அருகில் நடக்கும் தொழில்தான் காரணம் என்று தெரிந்தால் கிண்டியில் உள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுத்தில் கொடுங்கள். நீங்கள் எடுத்த மாதிரி விசாரணையைத் தொடங்கிவைக்க உதவும். சட்டப்படி செல்லும் மாதிரியை அவர்கள் வந்து எடுத்து முத்திரையிட வேண்டும். உங்கள் வரைபடம், படங்கள், நோட்டு, ஆய்வக அறிக்கை நான்கையும் ஒரே கோப்பில் இணைத்தால் கேள்விகள் குறையும்.

சலித்து மிஞ்சிய மண்ணைக் கொட்டிவிடாமல் மண்டலத்துக்கு 200 கிராம் வீதம் லேபிளோடு உலர்ந்த இடத்தில் வையுங்கள். மூடிய இடத்தை அடுத்த மழைக்குப் பிறகு அதே புள்ளிகளில், அதே ஆழத்தில் மறுபடி எடுக்கும்போது, பழைய பொடியையும் அதே தொகுப்பில் சேர்த்து அனுப்புங்கள். அப்போதுதான் மாறியது மண்ணா, ஆய்வகத்தின் அளவா என்று தெரியும்.